அகர வரிசையில் முதல் சொல்

மே 26, திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அச்சகத்தில் ஏ.சி. மெஷினுக்கு மட்டும். எனக்கு ஃபேன்.

ஆன்லைன் கடை வேலை. கல்யாணப் பத்திரிகைப் பக்கம். வருகிறவர்கள் எதை எப்படி நிரப்புவது என்று நான்தான் முடிவு செய்யணும். அட்டை நிறம்: வட்டம் வட்டமாக, ஒன்றைத் தொட்டால் போதும். முகூர்த்த நாள்: தொட்டால் காலண்டர் திறக்கும். மணமக்கள் பெயர்: காலிப் பெட்டி. போட்டோ: கட்டாயம் இல்லை.

பெற்றோர் பெயருக்கு முன்னால் வரும் பட்டத்துக்குத்தான் இவரோடு, என் வீட்டுக்காரரோடு, சண்டை. காலிப் பெட்டியாக விடு, அவரவர் இஷ்டத்துக்கு அடிக்கட்டும் என்கிறார். அடிப்பார்கள். ‘திறுமதி’ என்று அடித்துவிட்டு, அச்சானதும் பழியை நம் தலையில் கட்டுவார்கள். தொட்டால் விரிகிற பட்டியல்தான் சரி என்று நான் ஜெயித்தேன். அமரர், திரு, திருமதி, மர்ஹூம், ஜனாப், ஹாஜி. அகர வரிசை. பார்க்க லட்சணமாக இருக்கிறது.

பதினோரு மணி வாக்கில் விஸ்வநத்தம் பட்டாசு ஆலைப் பக்கம் வெடிச் சத்தம். கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. ஆளாளுக்குப் போனை எடுத்து வீட்டு ஆட்களைக் கூப்பிட்டார்கள்.

மே 27, செவ்வாய்

முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். ஆதார் கார்டு போட்டோதான் பாதிப் பேருக்கு. ஒரு அம்மாவுக்கு அதுவும் இல்லை, ஏதோ கல்யாண வீட்டுக் குரூப் போட்டோவிலிருந்து வெட்டினேன். தோளில் யாருடைய கையோ இருந்தது. அழிக்க மனசு வரவில்லை. அழித்தேன்.

விபத்துக்குக் காரணம் ‘உராய்வு’ என்று பேப்பரில். எப்போதும் உராய்வுதான்.

போஸ்டரையும் ஆன்லைனில் போட்டால் என்ன என்று இவர் கேட்டார். அடுத்த போட்டோவை வெட்ட ஆரம்பித்தேன். ராத்திரி மீன் ஆணத்தில் உப்புப் போட மறந்திருக்கிறேன். எல்லோரும் அப்படியே சாப்பிட்டு எழுந்தார்கள்.

மே 28, புதன்

முதல் ஆன்லைன் ஆர்டர்! இவர் சீரணி மிட்டாய் வாங்கி வந்தார்.

நாரணாபுரம். மாரீஸ்வரி என்ற பெண், தன் கல்யாணத்துக்குத் தானே நிரப்பியிருக்கிறாள். அடுத்த வியாழன் முகூர்த்தம், ரொம்ப அவசரமாம். மாதிரி பார்க்க வேண்டாம் என்ற கட்டத்தில் டிக். தாய் பெயருக்கு முன்னால் அமரர். தந்தை காளிராஜ், அவருக்கும் அமரர். தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளை, பாவம், என்று நினைத்தேன். அவளுக்காக அல்லாஹ்விடம் ஒரு துஆவும் கேட்டேன். சாயங்காலத்துக்குள் மடித்து அனுப்பியாச்சு.

மே 30, வெள்ளி

இவர் ஜும்மாத் தொழுகைக்குப் போன நேரம். மாரீஸ்வரியும் அவளுடைய சித்தப்பாவும் வந்தார்கள். கையில் நம் அட்டை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை.

காளிராஜ் உயிரோடு இருக்கிறார். திங்கள்கிழமை வெடித்த இடத்தில் வேலை பார்த்தவர். மதுரை ஆஸ்பத்திரியில், தீக்காய வார்டில். போனிலாவது அவர் கண்ணால் பார்க்கட்டும் என்றுதான் கல்யாணத்தை முன்னால் இழுத்திருக்கிறார்கள். முதல் அட்டையைச் சாமியிடம் வைத்துவிட்டு அடுத்ததை அவரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள்.

“அம்மாவுக்கு அதத்தான் எடுத்தேங்க்கா. அய்யா பேருக்கு நான் தொடவே இல்ல.”

தொடாததுதான் விஷயம். தொடாமல் விட்டால் பட்டியலில் முதலில் இருப்பது தானாக ஏறிக்கொள்ளும். அவள் போன பிறகு நானே போட்டுப் பார்த்தேன். நூறு தடவை தொட்டுத்தொட்டு சோதித்தேனே, ஒரு தடவை தொடாமல் சோதித்தேனா? புத்தி கெட்டவள்.

“எங்கய்யா படிச்சிட்டாருக்கா. ‘டாக்டரு உங்ககிட்டச் சொல்லிட்டாராக்கும், எங்கிட்டத்தான் மறைச்சிட்டீக’ன்னாரு. அதுக்கப்புறம் பேச்சே இல்ல. மருந்தும் வேண்டாங்காரு. நாங்க சொன்னா நம்ப மாட்டாரு. நீங்க வந்து சொல்லுங்க.”

புது அட்டை அடிக்கக் கொடுத்தேன். பட்டியலைத் தூக்கிவிட்டு எல்லாவற்றையும் காலிப் பெட்டியாக மாற்றினேன். இவர் பார்த்துக்கொண்டு நின்றார். ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று சொல்லவில்லை. அதற்காவது நன்றி.

மே 31, சனி

மதுரை. பஸ்ஸில் நிற்க இடமில்லை.

வார்டுக்கு வெளியே சித்தப்பா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“டாக்டரு கைய விரிச்சிட்டாரும்மா. பிள்ளைக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரிய வேண்டாம்.”

அப்படியே திரும்பிவிடலாமா என்று இருந்தது. முகமூடி கட்டி உள்ளே விட்டார்கள். கொசுவலைக்குள் இருந்தார். முகத்தில் கண் மட்டும்தான் அவருடையது. போனைக் காட்டி விளக்கினேன். அது பட்டியல், யாரும் எடுக்காவிட்டால் முதல் சொல் தானாக விழும், தப்பு என்னுடையது என்று. நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அப்படியும் பொய் சொல்வதுபோல இருந்தது.

போனில் இருந்த பட்டியலை உற்றுப் பார்த்தார்.

“அந்த வார்த்தைய ஏந் தாயி மொதல்ல வச்சீக?”

‘அ’னாவில் ஆரம்பிக்கிறது என்றேன். அவர் வயிறு குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நர்ஸிடம் மருந்து கேட்டார். புது அட்டையைக் கண்ணுக்கு நேரே பிடிக்கச் சொல்லி, முதலிலிருந்து கடைசிவரை படித்தார்.

“கல்யாணத்துக்கு வந்துருங்க. அச்சடிச்சவுகன்னு விடக் கூடாது, நானே வாயால கூப்புடுதேன்.”

வருகிறேன் என்றேன். பஸ் ஸ்டாண்டு வரை அழுதுகொண்டே நடந்தேன். யா அல்லாஹ், டாக்டர் சொன்னது தப்பாகட்டும்.

ஜூன் 5, வியாழன்

மேகமூட்டம். நாரணாபுரம் அம்மன் கோயில். இவர் வரவில்லை, லோடு ஏற்றணும்.

வாசலில் சித்தப்பா சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். விடியக்காலையில் காளிராஜுக்கு முடிந்துவிட்டதாம். தாலி ஏறுகிறவரை மூச்சு விடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். மேளக்காரருக்குத் தெரியும். ஐயருக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கும் தெரியும் போல, தலையைத் தூக்கவே இல்லை.

மாரீஸ்வரி என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். தன் போனை நீட்டினாள்.

“தாலி கட்டுறப்ப அய்யாவுக்கு வீடியோ கால் போட்டுக் காமிக்கணுங்க்கா. நீங்க பிடிச்சுக்கிடுதீகளா?”

வாங்கிக்கொண்டேன். கெட்டிமேளம் கேட்டது. போனைத் தூக்கிப் பிடித்தேன். திரும்பி என்னைத்தான் பார்த்தாள்.

டவர் கிடைக்கவில்லை என்றேன்.