விரலில் மாட்டும் கிளிப்

டேய் தம்பி,

அப்பா இப்போதுதான் கண் அசந்தார். மருந்து பாட்டில் ஜன்னல் திரைச்சீலைக் கம்பியில் தொங்குகிறது. தீர்ந்ததும் குழாயில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருகி மூடு. ஊசியைத் தொடாதே, நாலு மணிக்கு நர்ஸ் வந்து பார்த்துக்கொள்வார். சூப் பிளாஸ்கில்.

மணிக்கொரு தடவை நாடி பார்க்கும் கிளிப்பை அவர் விரலில் மாட்டு. அளவு தானாக ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். காலையில் அவரை எழுப்ப மனசு வராமல் என் விரலில் மாட்டிக்கொண்டேன். உடனே அங்கிருந்து போன். "நாடி நூத்தி இருபது ஓடுதே, அப்பா ரொம்பத் தவிக்கிறாரா?" சும்மா உட்கார்ந்திருந்த என் நாடி அது. உண்மையைச் சொல்லித் திட்டு வாங்கினேன்.

"வீட்லதானே இருக்க, உனக்கென்ன கஷ்டம்?" என்று நேற்று கேட்டாயே, அந்த நூற்றிருபதுதான் பதில். நிமோனியாவை வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்று கையெழுத்துப் போட்டது நீ. பார்ப்பது நான்.

பதினோரு நாளில் இன்றுதான் வாசல் தாண்டுகிறேன். ஒரு மணி நேரம். கூப்பிடாதே.

அக்கா

பி.கு. செருப்பை மாட்டிக்கொண்டு யோசித்தேன், போக ஓர் இடமும் தோன்றவில்லை. எதிர் பஸ் ஸ்டாப்பில்தான் இருப்பேன். அங்கிருந்து பாட்டில் தெரியும்.