சுவிட்ச் கீழேதான் இருந்தது

4 செப்டம்பர் 1961, திங்கள்

பள்ளிக்கூட ஆர்டர் வந்துவிட்டது. நூற்றிருபது பெஞ்சு, அத்தனைக்கும் மேசை, டிசம்பருக்குள். ஆற்றோரத்து மராத்திப் பள்ளிக்கூடம். ஜூலையில் அணை உடைந்த அன்று அவர்களுடைய பெஞ்சுகள் ஜன்னல் வழியாக மிதந்து போயினவாம். இங்கே பவானி பேட் பக்கம் தண்ணீர் ஏறவில்லை. எங்கள் பட்டறையில் ஒரு பலகைகூட நனையவில்லை.

மச்சான் கடிதத்தை இடது கையால் விரித்துப் பிடித்து இரண்டு தடவை படித்தார்.

"கையாலே ஆவாது கரீம். மெஷின் வாங்கத்தான் வேணும்."

இருந்த மெஷினை விற்ற பிறகு இரண்டரை வருஷமாக எங்கள் பட்டறையில் யாரும் சொல்லாத சொல். மர அறுப்பு வேலை பார்க்கும் பாண்டுரங் ரம்பத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நான் ஏன் தலை குனிந்தேன்?

7 செப்டம்பர், வியாழன்

ராஸ்தா பேட்டில் பழைய மெஷின் விற்கும் குஜராத்தி சேட்டிடம் போய்க் கேட்டு வந்தேன். இரண்டு இருக்கிறதாம். எங்கள் சக்திக்கு ஒன்றுதான் வாங்க முடியும்.

ஒன்று இழைப்பு மெஷின். பாண்டுரங் அதை மராத்தியில் 'ரந்தா' என்பான். மேசைக்கு நடுவே உருளை, அதில் மூன்று கத்தி. பலகையை மேலே வைத்துத் தள்ளினால் விளிம்பு நேராகிவிடும். இரண்டு பலகையை ஒட்டினால் நடுவில் வெளிச்சம் தெரியாது. இன்னொன்று துளை மெஷின். கையால் நெம்புகோலை இழுத்தால் சதுர உளி மெதுவாக இறங்கி, கால் முனையில் செதுக்கும் கழுந்து உட்கார வேண்டிய துளையைப் போடும். ஒரு பெஞ்சுக்குப் பதினாறு துளை. உளியும் சுத்தியலும் வைத்துப் போட்டால் அதற்கே ஒரு நாள் போய்விடும்.

மச்சானிடம் துளை மெஷின்தான் என்று சொன்னேன். இடம் குறைவு, கரண்ட் குறைவு, கழுந்து சரியாக உட்கார்ந்தால்தான் பெஞ்சு பத்து வருஷம் ஆடாது. எல்லாம் சரியான பேச்சுத்தான். நான் அதற்காகச் சொல்லவில்லை.

9 செப்டம்பர்

பக்கத்து மாவு மில்லில் பெல்ட் மாட்டினார்கள். அது இழுத்துக்கொள்ளும் அந்த முதல் சத்தம். உளி கையிலிருந்து விழுந்துவிட்டது.

12 செப்டம்பர், செவ்வாய்

மத்தியானம் என் அக்கா, ரஹ்மத் லாத்தா, மீன் ஆக்கியிருந்தது. மச்சானுடைய வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான். கரண்டிக் காம்பில் துணி சுற்றி, கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சாப்பிடுகிறார். இடது கையால் சாப்பிட அவருக்கு மனம் வரவில்லை. அவருக்கும் மகளுக்கும் முள்ளை எடுத்து வைப்பது லாத்தா. எதிரே உட்கார்ந்து அதே சட்டி மீனைத் தின்பது நான். காயல்பட்டினத்திலிருந்து என்னை வரவழைத்து, தொழில் பழக்கி, ஏழு வருஷமாகச் சோறு போடும் வீடு.

"மழை வரும் போலிருக்கு. நடுவிரல் அரிக்குது" என்றார் மச்சான். இல்லாத விரல்.

லாத்தா சிரிக்கவில்லை. முன்பெல்லாம் சிரிக்கும்.

சாப்பிட்டுக் கிளம்பியவர் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து ஸ்டவ்வைத் தொட்டுப் பார்த்தார். அணைத்துத்தான் இருந்தது. மறுபடி வந்து கதவின் பூட்டை இழுத்துப் பார்த்தார். லாத்தா உள்ளே இருக்கும்போதே வெளியே பூட்டப் போனார்.

"என் புத்தியை நம்பக் கூடாது ரஹ்மத். ஒரு தடவை பட்டாச்சு."

அது என் காதில் விழ வேண்டும் என்று சொன்னதல்ல. தினமும் சொல்வதுதான்.

15 செப்டம்பர், வெள்ளி

ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். அதே வெயில், அதே சந்து. எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலாவது இருக்கட்டும்.

1959 பிப்ரவரி இருபது. அன்றும் வெள்ளி. காலையிலிருந்து கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. பாண்டுரங் லீவு. தொழுகை முடிந்து நான் பட்டறைக்கு வந்தேன். மச்சான் இன்னும் பள்ளிவாசலில் இருப்பார் என்று நினைத்தேன். அவர் வேறு சந்து வழியாக எனக்கு முன்னாலேயே வந்து, இழைப்பு மெஷினில் கத்திக்கு இடையே அடைத்திருந்த மரச் சுருளைக் கையால் நோண்டிக்கொண்டிருந்தார். பலகை அடுக்கு மறைத்தது. கூப்பிட்டுப் பார்க்கவில்லை. ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் —

வாசலோரம் மெயின் சுவிட்ச். மெஷினுக்கு வேறு சுவிட்ச் கிடையாது. கைப்பிடி கீழே, அணைத்தபடி இருந்தது. கீழேதான் இருந்தது. நான்தான் மேலே தூக்கினேன்.

முதலில் மரம் சிக்கிய சத்தம் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் மறுநாள் கண் விழித்து அவர் கேட்டது: "கரண்ட் போயிருந்துச்சு. அதனாலே சுவிட்சை இறக்காமலே கையை விட்டுட்டேன் போலே. அப்படித்தானே கரீம்?"

"ஆமா மச்சான்" என்றேன்.

வாயை மூடிக்கொண்டிருந்தால்கூட வேறு. நான் ஆமாம் என்று சொன்னவன்.

18 செப்டம்பர், திங்கள்

மச்சான், பாண்டுரங், நான் மூவரும் சேட்டின் கிடங்குக்குப் போனோம். துளை மெஷினை முதலில் ஓட்டிக் காட்டினார்கள். மச்சான் பாதி கவனத்தோடு பார்த்தார். பிறகு இழைப்பு மெஷின். வேலையாள் சுவிட்சைத் தட்டியதும் உருளை முனகிக்கொண்டே ஏறி, ஏறி, ஒரே குரலாக நிலைத்தது. நான் ஓர் அடி பின்னால் போனேன். மச்சான் நகரவில்லை. பலகை வெளியே வந்ததும் இடது கையால் விளிம்பைத் தடவிப் பார்த்தார். முகத்தில் ஒரு தெளிவு. அந்த முகத்தை நான் மறந்தே போயிருந்தேன்.

"நல்ல மெஷின்" என்றார் ஹிந்தியில்.

சேட் கேட்டார், யார் ஓட்டப் போகிறீர்கள் என்று. மச்சான் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் குடிக்க வெளியே போய்விட்டேன்.

19 செப்டம்பர், செவ்வாய்

சண்டை. இல்லை, சண்டையும் இல்லை. மச்சான் சத்தம் போடும் ஆளில்லை.

"துளையை உளியாலே போட்டுருவோம். நாலு ஆள் கூடப் போட்டா முடிஞ்சுது. இழைப்புத்தான் நம்மளைப் பிடிச்சு நிறுத்துது. ஒனக்குத் தெரியாததா? அப்புறம் ஏன் வேணாங்குறே?"

இடம் இல்லை என்றேன்.

"இடம் இருக்கு. நான் அளந்துட்டேன்."

உளியை எடுத்துத் தீட்ட ஆரம்பித்தேன். மச்சான் அருகே வந்தார். பிறகு பாண்டுரங் காதில் விழாதபடி தணிந்த குரலில் சொன்னார்.

"எனக்குப் புரியுது கரீம். நான் மறுபடி மறந்துருவேன்னு பயப்படுறே. நியாயந்தான். மெஷின் வரட்டும். நான் உள்ளே கால் வைக்கல்லே. வாசலோட நின்னு வர்ற போற ஆளைப் பார்த்துக்கிறேன். பட்டறையை நீ நடத்து."

அவருடைய பட்டறை. அவர் பதினெட்டு வயதில் வந்து, கைவண்டியில் ஸ்டூல் விற்று, எழுப்பிய பட்டறை. என்னிடம் தூக்கிக் கொடுக்கிறார். என்ன மனுஷன் நான்?

20 செப்டம்பர்

சொல்லவில்லை.

21 செப்டம்பர்

இன்றும் இல்லை. மச்சான் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பழகிப் பார்க்கிறார்.

22 செப்டம்பர், வெள்ளி

சொல்லிவிட்டேன்.

காலை பத்து மணி இருக்கும். பாண்டுரங் மரம் எடுக்கப் போயிருந்தான். மச்சான் அந்த ஸ்டூலில். நான் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று நான்கு நாளாக யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை.

"மச்சான், அன்னிக்கு சுவிட்ச் கீழேதான் இருந்துச்சு. நான்தான் மேலே தூக்கினேன். நீங்க உள்ளே இருந்தது தெரியாது."

புரியாதவர் போலப் பார்த்தார். திரும்பச் சொன்னேன்.

"கீழே இருந்துச்சா?"

"கீழேதான் இருந்துச்சு."

"அப்போ நான் இறக்கியிருக்கேன்."

"ஆமா மச்சான்."

"நான் இறக்கிட்டுத்தான் கையை வெச்சிருக்கேன்."

"ஆமா."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். 

"வெரலை விடு. தெரியாமத்தானே தூக்கினே, அது போவட்டும். ஆஸ்பத்திரியிலே நான் ஒன்னைக் கேட்டேனே. கேட்டேனா இல்லையா? புள்ளையைத் தூக்கப் பயந்துக்கிட்டு இருந்தேனே டா. கீழே போட்டுருவேன்னு. என் மவ நடக்குற வரைக்கும் நான் அவளைத் தூக்கலியே."

  குடையைக்கூட எடுக்காமல் தூறலில் நடந்து போனார். ஜும்ஆவுக்கு நானும் போனேன். அவர் முதல் வரிசையில் இருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

23 செப்டம்பர், சனி

நேற்று மத்தியானத்திலிருந்து பட்டறையிலேயே இருக்கிறேன். வீட்டுக்குப் போகவில்லை. லாத்தா வந்தது. புர்காவோடு மரத்தூளில் நின்றபடி பேசியது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவங்கொ கை போனது அல்லாஹ்வோட நாட்டம்னு சொல்லிச் சொல்லி மனசை ஆத்திக்கிட்டேன். நீ வாயை மூடிக்கிட்டு இருந்தது யாரு நாட்டம்?"

அழுதேன்.

"அழுவாதே. ஒன் அழுகையைப் பார்க்க வரல்லே. நானே எத்தனை தடவை அவங்களைத் திட்டியிருக்கேன் தெரியுமா? கவனமில்லாத மனுஷன், கவனமில்லாத மனுஷன்னு. அந்தப் பேச்சையெல்லாம் நான் எங்கே போய்த் திருப்பி எடுப்பேன்?"

என் துணிமணிப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தது. வைத்துவிட்டுப் போய்விட்டது. உள்ளே எல்லாம் துவைத்து மடித்திருந்தது.

25 செப்டம்பர், திங்கள்

மச்சான் பட்டறைக்கு வந்தார். நேரே உள்ளே வந்தார். ஸ்டூலை எடுத்து ஓரமாகப் போட்டார்.

இழைப்பு மெஷினை அவரே வாங்கப் போகிறார். அவரே ஓட்டப் போகிறார். கட்டைவிரலும் இடது கையும் போதும், தள்ளுவதற்கு மரக்கட்டை செய்துகொள்வேன் என்று பாண்டுரங்கிடம் மராத்தியில் சொன்னார். பிறகு என்னிடம் தமிழில்.

"நீ இங்கே வேணாம் கரீம். கோவத்திலே சொல்லல்லே. நீ நின்னா என் கண்ணு சுவிட்சுக்கும் ஒன் கைக்கும்தான் போவும். வேலையிலே நிக்காது. கட்கியிலே மர மில்லு வெச்சிருக்குற மீரான்கிட்டே சொல்லியிருக்கேன். போய்ச் சேரு."

எனக்கு வேலையும் அவரே தேடியிருக்கிறார்.

14 அக்டோபர் 1961

கட்கி. மில்லின் பின்பக்கம் ஒரு அறை. நாள் முழுக்க ரம்பச் சத்தம். நல்லது. வேறெதுவும் கேட்காது.

2 ஜனவரி 1962

பாண்டுரங்கைப் பார்த்தேன். நூற்றிருபது பெஞ்சும் டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி போய்ச் சேர்ந்துவிட்டன. ஒவ்வொரு நாளும் மெஷினை நிறுத்திச் சுத்தம் செய்வதற்கு முன்னால் மச்சான் பியூஸைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறாராம். "அண்ணாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை" என்றான்.

11 மார்ச் 1962, ஞாயிறு

பெருநாளுக்கு வீட்டுக்குப் போனேன். யாரும் அழைக்கவில்லை. கதவைத் திறந்த லாத்தா வழி விட்டது. மச்சான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வட்டிலப்பம் ஊட்டிக்கொண்டிருந்தார். மூன்று வயதுப் பெண், இறங்க மாட்டேன் என்கிறாள். ஸலாம் சொன்னேன். பதில் சொன்னார். மறுபடி மகள் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

30 நவம்பர் 1963

மில்லை விட்டுவிட்டேன். போசரியில் புதிதாக வரும் கம்பெனியில் மர வேலைப் பகுதிக்கு மேஸ்திரி கேட்கிறார்கள். இழைப்பு மெஷின் தெரியுமா என்றார்கள். தெரியும் என்றேன். 

17 ஆகஸ்ட் 1964, திங்கள்

போசரி. இன்று ஆறு புது ஆட்கள். இழைப்பு மெஷினைக் காட்டிக்கொடுக்கும் வேலை எனக்கு. கத்தியில் கை வைக்கும் முன்னால் பியூஸைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்றேன். சதாராக்காரர் ஒருவர், என்னைவிட வயதில் பெரியவர், கேட்டார்: சுவிட்சை இறக்கினால் போதாதா?

போதாது என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். கம்பெனிச் சட்டம் என்றிருக்கலாம்.

மராத்தியில் சொன்னேன். ஒருவர் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் கை வைத்தார். நான் பார்க்காமல் தூக்கினேன். என் அக்கா புருஷன். நான்கு விரல் போயிற்று. தப்பு அவருடையது என்று இரண்டரை வருஷம் அவரை நம்ப விட்டேன். அப்துல் காதர் என்று அவர் பேரையும் சொன்னேன்.

 சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் ஆறு பேரும் என்னை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள். அது சரிதான். நான் என் டப்பாவைத் திறந்தேன்.

மணி அடிக்கும் முன்னால் சதாராக்காரர் மட்டும் எழுந்து வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு, அந்த பியூஸ் கழற்றுவதை இன்னொரு தடவை காட்டச் சொன்னார்.

காட்டினேன்.