கல்கத்தா விண்ணப்பத்தில் மைனா

மாசி 12, திங்கள்

மைனா, காலையில் நல்ல பனி. கொல்லையில் போட்ட துணி ஒன்றும் காயவில்லை. ரேஷனில் சீனி இன்னும் வரவில்லையாம். காப்பிக்கு வெல்லம். உன் அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தார்.

உன் அண்ணன் மின்சார ஆபீஸ் வேலையை விடப் போகிறான். கல்கத்தாவில் புதுசாக ஒரு காலேஜாம். கம்பெனியை எப்படி நடத்துவது என்று சொல்லிக்கொடுக்கிறார்களாம். இன்ஜினியருக்குப் படித்தவன் மறுபடி படிக்கப் போகிறான். உன் அப்பா கேட்டார்: "கடை நடத்தறதுக்குக்கூடவாடா காலேஜு?"

(இனி அவனை ச. என்றுதான் எழுதுவேன். சண்முகம் என்று முழுசாக எழுத இப்போதெல்லாம் கை வருவதில்லை.)

அப்ளிகேஷனில் கேட்டிருக்கிறார்களாம். இருக்கிற வேலையை ஏன் விடுகிறாய், படித்து முடித்து என்ன செய்யப் போகிறாய் என்று. அவன் சிநேகிதன் வரதனிடம் கூடத்தில் சொன்னது என் காதில் விழுந்தது. பம்பாயில் சோப்புக் கம்பெனி. கம்பெனியே வீடு தரும், கார் தரும். இங்கே இருந்தால் ரிட்டயர் ஆகிறவரை கம்பத்தை எண்ணிக்கொண்டு கிடக்க வேண்டியதுதானாம்.

கார் வேண்டும் என்று ஆசைப்பட்டால் தப்பா? அதையே எழுதிவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

கத்தரிக்காய் எல்லாம் சொத்தை. பாதி எறிந்தேன்.

மாசி 14, புதன்

பனி இல்லை. உன் அத்தைக்கு முழங்கால் வலி. தைலம் தேய்த்துவிட்டேன்.

சாயங்காலம் ச. எழுதியதைப் படித்துக் காட்டினான். முதலில் இங்கிலீஷில். பிறகு தமிழில், எங்களுக்காக. சோப்பும் இல்லை, பம்பாயும் இல்லை. எல்லாம் நீதான். அவன் எழுதியது இது:

என் தம்பி ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கட்டில் இல்லாமல் கிடந்து செத்தான். நிர்வாகம் சரியில்லாததால் செத்தான். அண்ணா, தண்ணீர் என்று கேட்டான். அவன் கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே முடிவு செய்தேன், நிர்வாகம் படித்து இந்த ஜில்லாவிலேயே ஆஸ்பத்திரிகளைத் திருத்துவேன் என்று.

உன் அப்பா துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். அத்தை சொன்னாள், தம்பி மேல எவ்வளவு பாசம் பாரு என்று. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

பொய் எது எது:
தாழ்வாரம். போனவுடனே உனக்குக் கட்டில் கொடுத்தார்கள். ஜன்னலோரம். ஒரு நர்ஸ் பெண் விசிறிக்கொண்டே நின்றது.
கை. பிடித்தவள் நான். ச. மெட்ராசில் யாரோ சிநேகிதன் கல்யாணத்தில். உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் வந்தான்.
தண்ணீர். நீ ஒன்றும் கேட்கவில்லை. மூளைக்காய்ச்சல் என்றார்கள். கடைசிவரை யாரையும் தெரியவில்லை உனக்கு. என்னையும்.

கூட இருந்து கேட்ட வரதன் போகும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே ச.விடம் சொன்னது: "அங்க வரவன் எல்லாம் சம்பளத்துக்குத்தான் வரான். ஒரு சாவு இருந்தா தனியாத் தெரியும்டா."

மாசி 15, வியாழன்

எண்ணெய் தீர்ந்துவிட்டது. சொல்லவேண்டும்.

ச. ஆபீசுக்குக் கிளம்பும்போது சொன்னேன். அவனை அதிலேர்ந்து எடுத்துடு என்று. நீ ஆசைப்படுவது எதுவோ அதையே எழுது, நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்று. சிரித்தான். அஞ்சாங்கிளாஸ் படிச்சவளுக்கு அப்ளிகேஷன் பத்தி என்ன தெரியும் என்றான். நிஜத்தை எழுதினால் எவனும் கூப்பிடமாட்டானாம்.

எடுக்கத்தான் வேண்டும் என்றேன். அப்போது சொன்னான்.

"அவன் செத்து யாருக்கும்மா என்ன பிரயோஜனம்? எனக்காவது ஆகட்டுமே."

நான் சொன்னது: "நீ செத்திருந்தா அவன் இப்படி எழுதியிருக்க மாட்டான்."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். மத்தியானம் சாப்பிட வந்தான். நேற்றைய குழம்பைச் சுட வைக்காமல் ஊற்றினேன். தெரிந்தேதான். தின்றுவிட்டுப் போனான்.

மாசி 20, செவ்வாய்

வீட்டில் யாரும் யாரோடும் பேச்சில்லை. எதிர்வீட்டுக் கன்று இரண்டு நாளாகக் கத்துகிறது.

உன் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ஆத்தாகிட்டே பூக்கட்டிப் பார்த்துவிடுவோம் என்றார். சமயபுரத்தில். ஞாயிற்றுக்கிழமை பூச்சொரிதல், எப்படியும் போகிறோம். இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுத்து, வெள்ளைப் பூ வந்தால் ச. எழுதியபடியே அனுப்பட்டும். சிவப்பு வந்தால் உன்னை எடுத்துவிட வேண்டும். யாரும் மறுபேச்சுப் பேசக்கூடாது.

ச. ஒப்புக்கொண்டான். "பாருங்கப்பா. பாதிக்குப் பாதி சான்ஸ் இருக்கு, அதுவே ஜாஸ்தி."

பூவைக் கட்டுவது என் வேலை என்று அத்தை சொல்லிவிட்டாள். பெத்தவள் கட்டினால்தான் சரியாக வருமாம்.

மாசி 25, ஞாயிறு

விடியுமுன் குளித்தேன். தண்ணீர் ஐஸ்.

வெள்ளைக்கு நந்தியாவட்டை வாசலில் இருக்கிறது. செவ்வரளி கொல்லையில். வாழையிலைத் துண்டு இரண்டு. வாசலுக்குப் போகவே இல்லை. இரண்டிலும் செவ்வரளி வைத்து நாரால் இறுக்கிக் கட்டினேன். ஆத்தாளுக்குத் தெரியும் என்று தெரியும். தெரியட்டும்.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. கொள்ளிடப் பாலத்துக்குக் கீழே தண்ணீரே இல்லை, வெறும் மணல். டோல்கேட்டில் ஒரு கிழவி பூக்கூடையோடு ஏறி என் காலை மிதித்தாள். "தள்ளி நில்லேம்மா, ஆத்தா பூ நசுங்குது." என் கால் நசுங்கியது அவளுக்குத் தெரியவில்லை.

கொடிமரத்துப் பக்கம் இரண்டு பொட்டலத்தையும் வைத்தோம். உன் அப்பா கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தார். யார் வீட்டுப் பெண்ணோ, பாவாடை கட்டிய குழந்தை, அதைக் கூப்பிட்டு ஒன்றை எடு என்றோம். எடுத்தது. பிரித்தால் சிவப்பு. உன் அப்பா விழுந்து கும்பிட்டார். ஆத்தா சொல்லிட்டா என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மற்றதைப் பிரிக்கிற வழக்கம் இல்லை. அப்படியே ஆத்தா பூவோடு பூவாகச் சேர்த்துவிடுவோம். ச. குனிந்து எடுத்தான். நாரை நகத்தால் கிள்ளிப் பிரித்தான். பார்த்தான். என்னைப் பார்த்தான். அப்பாவிடம் காட்டவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

திரும்பும்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். பாலம் தாண்டியதும் காதோடு சொன்னான், அன்பாகச் சொல்கிற மாதிரி.

"கல்கத்தாவுக்கு நீதாம்மா போகணும். உன் அளவுக்கு எனக்கு வராது."

மாசி 26, திங்கள்

காலையிலேயே வெயில். வடாம் பிழிய நல்ல நாள். கூழ் கிண்டிக்கொண்டிருந்தேன். அத்தை மாடியில் வேட்டி விரித்துக்கொண்டிருந்தாள். உன் அப்பா முடிவெட்டிக்கொள்ளப் போய்விட்டார்.

ச. அடுப்படிக்கு வந்தான். கையில் புதுத்தாள். வேறே எழுதியிருக்கிறான். யாருக்கும் படித்துக் காட்டவில்லை, எனக்கு மட்டும். நின்றுகொண்டே, நிறுத்தி நிறுத்தி, தமிழில்.

இந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை. பெரிய கம்பெனியில் பெரிய சம்பளம் வேண்டும். ஊர் திரும்புகிற எண்ணம் இல்லை. எவ்வளவு தூரத்தில் வேலை கொடுத்தாலும் போவேன். என் வீட்டில் வேண்டிய பிள்ளை ஒருவன், வேண்டாத பிள்ளை ஒருவன். வேண்டாதவன் மிஞ்சினேன். நான் எங்கே போனாலும் என் அம்மாவுக்கு ஒன்றுதான்.

மடிக்கவில்லை. அடுப்பு மேடையில் என் பக்கமாக வைத்தான். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று தெரிந்தும் வைத்தான்.

"அவன் பேரு இல்லை. ஆஸ்பத்திரி இல்லை. சாவு இல்லை. நிஜத்தை எழுதுன்னு சொன்னே, எழுதிட்டேன். இதுல எது பொய்னு சொல்லும்மா, அடிச்சுடறேன்."

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். கேலி இல்லை. சின்ன வயசில் பரீட்சைப் பேப்பரைக் கொண்டுவந்து காட்டிவிட்டு நிற்பான், அந்த மாதிரி நின்றான்.

கூழ் கொதித்துக் கையில் தெறித்தது. நான் கிண்டிக்கொண்டே இருந்தேன். உப்பு போட்டேனா என்று சந்தேகம். இன்னும் கொஞ்சம் போட்டேன்.

அவன் பேனாவை மூடினான். தாளை மடித்துக் கவரில் போட்டு, ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினான். "போயிட்டு வரேன்" என்றான். தபாலாபீசுக்கு.

கடைசி வரியை அடிடா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. தெரு திரும்புகிறவரை ஜன்னலில் நின்றேன், கூப்பிட நேரம் இருந்தது. கூப்பிடவில்லை. மைனா, வாயில் வராததால் அது நிஜமாகிவிடுமாடா?