லீவில் வந்தவன்

ஞாயிறு, இரவு.

கோயம்புத்தூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, ஊருக்கே திரும்பி, அரவேணுவில் எங்கள் வீட்டின் பின்னால் காளான் வளர்க்கத் தொடங்கி நாலு மாதமாகிறது. இன்று சர்ச் வாசலில் அப்பாவின் பழைய சிநேகிதர் ஒருவர் என்னை விசாரித்தார்.

"லீவுல வந்திருக்கானுங்க" என்று அப்பா முந்திக்கொண்டார்.

"எப்பக் கண்ணு திரும்பிப் போற?"

அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். "நாளைக்குங்க" என்றேன்.

மதியம் ஷெட்டில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது அப்பா வந்தார். இதுவரை அவர் உள்ளே வந்ததே இல்லை. தொங்கும் காளான் பைகளைத் தொட்டுப் பார்த்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"நாளைக்கு நெசமாவே போறியா கண்ணு?"

குரலில் அவ்வளவு ஆசை.

"இல்லீங்கப்பா."

"செரி" என்றார். பைகளுக்குக் குளிர்காற்று ஆகாதென்று கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.