சாட்சிப் புத்தகத்தில் உன் பெயருக்குக் கீழே

என் அன்பான றெஜினாவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கிறது, மன்னித்துக்கொள். ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்தது சரிந்து இறங்குகிறது. ஒரு பக்கம் எழுத மூன்று பின்னேரம் போகிறது, விரலும் நோகிறது. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது. எழுபத்திரண்டு வயதில் உன் மனுசன் எழுதுகிறான்!

பஸ்ஸில் கொட்டாஞ்சேனை என்று நானே வாசித்து ஏறுகிறேன். அந்த ‘ஞ்’ வரும்போது எனக்குள் ஒரு சிரிப்பு. முன்பு கரண்ட் பில், உன் தங்கச்சியின் கடிதம், எல்லாம் நீதான் வாசித்துச் சொல்வாய். வீட்டில் வாசிக்க ஆளில்லாமல் போனபிறகுதான் நான் படிக்கப் போனேன். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் ஒரு சிஸ்டர் எங்களைப் போன்ற கிழடுகளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார். இந்தக் கடிதத்தைக் கோயில் இதழில் போடலாமா என்று கேட்டார். ஓம் என்றேன். மற்றவர்களும் வாசிப்பார்கள், கோபிக்காதே.

சிஸ்டர் இறையியல் படித்தவர். நற்செய்தியை வைத்துத்தான் எழுத்துக்கூட்ட வைப்பார். ஒருநாள் ஐந்து அப்பத்தில் ஐயாயிரம் பேர் சாப்பிட்ட கதை. சனம் ஒளித்து வைத்திருந்த சாப்பாட்டை வெளியே எடுத்துப் பகிர்ந்துகொண்டதுதான் அந்த அற்புதம் என்று சிலர் விளக்குவதாகச் சொன்னார். எங்களோடு படிக்கிற, முகத்துவாரத்தில் மீன் விற்கிற மைக்கல் விடவில்லை.

“அப்பிடியெண்டா அது இன்னும் பெரிய அற்புதம் சிஸ்டர். எங்கட ஃபிளட்டில ஒருத்தனும் ஒளிச்சதை வெளிய எடுக்கமாட்டான்.”

எல்லோரும் சிரித்தோம். சிஸ்டரும் சிரித்தார். தனக்கு அந்த விளக்கம் போதாது என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“என்ன அப்பு, ஒண்டும் கதைக்காம இருக்கிறீங்கள்?”

“கடவுள் சுகமாக்கிறதும் டொக்டர் சுகமாக்கிறதும் ரெண்டோ, சிஸ்டர்?”

“முந்தி அப்பிடித்தான் பிரிச்சுச் சொன்னவை. இயற்கையின்ர விதியை உடைச்சுக்கொண்டு கடவுள் வந்தால்தான் அற்புதம், அதுதான் அத்தாட்சி எண்டு. இப்ப படிக்கிற கனபேர் அப்பிடிச் சொல்லுறேல்லை. எப்பிடி நடந்தது எண்டதை விட, அது என்னத்தைக் காட்டுது எண்டு கேக்கினம். மாத்திரைக்குள்ளயும் அவர் வேலை செய்யலாம்தானே?”

“அப்ப ஏன் அண்டைக்கு இதை ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லை?”

சிஸ்டர் வேதாகமத்தை மூடிவைத்தார். நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன். சப்பாத்தைக் கழற்றக்கூட மனமில்லாமல் கட்டிலில் இருந்தேன்.

உனக்குத் தெரியும் நான் எதைக் கேட்டேன் என்று. குணமளிக்கும் வழிபாட்டில் உன் தலைவலி சட்டென்று நின்றது. பிரஷரும் போய்விட்டது என்று நீ முன்னால் போய்ச் சாட்சி சொன்னாய். சனம் கைதட்டியது. அடுத்த கிழமை கிளினிக் நாள். நீ மருந்தும் பிரஷரும் எழுதுகிற கிளினிக் கொப்பியைக் கையில் எடுத்துவிட்டாய். நான்தான், “சாட்சி சொன்ன ஆள் மருந்துக்கு லைன்ல நிண்டால் சனம் என்ன கதைக்கும்?” என்று கேட்டேன். நீ கொப்பியைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தாய். நாலாம் மாதம் பாரிசவாதம். ஆண்டவர் அழைத்துக்கொண்டார் என்றார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கோயில் வாசலில், சுகம் பெற்றவர்கள் எழுதிவைக்கிற சாட்சிப் புத்தகத்தில் நீ எழுதினது அப்படியே கிடந்தது. போன மாதம்தான் அதை வாசிக்கிற அளவுக்கு வந்தேன். உன் உருண்டை எழுத்து. “என் கணவரின் விசுவாசத்தால் பூரண சுகம் பெற்றேன்.” என் விசுவாசம்! அதை எழுதும்போது உண்மையாகவே அப்படி நினைத்தாயா? இல்லை, எனக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று எழுதினாயா?

இந்தச் செவ்வாய்க்கிழமை நவநாள் செபம் முடிந்து வரும்போது, மட்டக்குளியிலிருந்து வருகிற ஒரு பிள்ளை அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுமதி என்று பெயர். கார்மென்ட்ஸில் வேலை.

“ஐயா, இந்த றெஜினா உங்கட வைஃபாமே? எனக்கும் பிரஷர்தான். இதை வாசிச்சுப்போட்டு நானும் மாத்திரையை விட்டுட்டன்.”

“எப்ப?”

“போன கிழமை.”

“அவ செத்துப்போனா, மகள்.”

“சும்மா சொல்லாதீங்க ஐயா. இங்க எழுதியிருக்குதானே?”

எழுதியிருக்குதானே. அதற்குமேல் என் வாய்ப்பேச்சு எடுபடவில்லை. புத்தகத்தோடு கட்டியிருந்த பேனையை எடுத்தேன். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த, புத்தகத்துக்குப் பொறுப்பானவர் ஓடி வந்தார்.

“என்ன பெரியவர், எழுதப் படிச்சது ஆண்டவருக்கு எதிரா எழுதவோ?”

“ஆண்டவருக்கு எதிரா இல்லை. எனக்கு எதிரா.”

அவர் ஒதுங்கி வழிவிட்டார். உன் பெயருக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. சுமதி என் தோளுக்கு மேலால் ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக்கொண்டு வந்தாள்.

“இவள் என் மனைவி. நாலு மாதத்தில் இறந்தாள். மருந்தை நிறுத்தியது என் சொல்லால். நீங்கள் நிறுத்தவேண்டாம். செபியுங்கள், மருந்தும் எடுங்கள். வஸ்தியான்.”

உன் வரியை நான் வெட்டவில்லை, றெஜினா. அன்று நோவு நின்றது பொய்யில்லை, நீ நன்றி சொன்னதும் பொய்யில்லை. அது அற்புதமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சிஸ்டர் சொல்வது பாதிதான் விளங்குகிறது. மீதியை யோசிக்கக் களைப்பாக இருக்கிறது.

சுமதி அதைத் திரும்ப ஒருமுறை வாசித்தாள். பிறகு, “இனித் திரும்ப எடுக்கலாமோ? விட்டதுக்கு டொக்டர் ஏசுவாரே” என்றாள். “ஏச்சை நான் வாங்குறன், நீ வா” என்றேன்.

வருகிற திங்கட்கிழமை கிளினிக். விடியவே போய், லைனில் எல்லோரும் பார்க்க அவளோடு நிற்பேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு. அவளுடைய பிரஷர் எவ்வளவு என்று டொக்டர் கொப்பியில் எழுதுவதை நானே வாசித்து, அடுத்த கிழமை உனக்கு எழுதுகிறேன்.

அன்று உன்னோடு லைனில் நிற்காத
உன் மனுசன்,
வஸ்தியான்