செம்பாக்கமா என்று கேட்டது

21.8.1993, சனி

மனநல ஆலோசகர்களுக்கு மேற்பார்வையாளன் என்று பெயர். என் வாயை மேற்பார்க்கத்தான் ஆளில்லை. ஆலோசகர் ஸ்டெல்லா இன்று சொன்ன கேஸ் ஒரு ப்ளஸ் டூ மாணவி. பெயர் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. காதல் விஷயம் அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பு நின்றுவிடுமாம். இடது கையால் எழுதுகிறவள் என்றதும், "வீடு செம்பாக்கமா? அப்பாவுக்கு ஏர்போர்ட்ல வேலையா?" என்று கேட்டுவிட்டேன்.

ஸ்டெல்லா நோட்டை மூடினாள். "இது அந்தப் பொண்ணுக்காகக் கேக்கறீங்களா சார், உங்களுக்காகவா?"

எனக்காகத்தான். கேஸை வேறொரு மேற்பார்வையாளரிடம் கொண்டுபோகச் சொன்னேன். ஆனால் தெரிந்தது தெரிந்ததுதானே.

ஞாயிறுதோறும் அந்த அப்பாவோடுதான் எனக்குச் சீட்டாட்டம். கையிலிருக்கும் சீட்டையே முகத்தில் காட்டித் தோற்கிறவன் நான். நாளை ஜுரம் என்று படுத்துவிடலாம். நல்ல மனிதர், ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வருவார், மகளையும் அழைத்துக்கொண்டு.