மைரம்பெக் கடித்த ரொட்டி

கரா-கென்
அக்டோபர் 9, 2006

அன்புள்ள மேரிம்,

நலம். மினிபஸ் டிரைவரிடம் நீ கொடுத்தனுப்பிய படங்கள் வந்து சேர்ந்தன. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் மையைத் திருடியவள் இன்று பெரிய போட்டோக்காரி என்றால் எனக்குப் பெருமைதான்.

சுரங்க வாசலில் சீட்டாடும் கிழவர்கள், தண்ணீர் வரிசை, கரிக் குப்பையைக் கிளறும் நான், எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் ஒருவர்கூடச் சிரிக்கவில்லையே. நீ இருந்த ஐந்து நாளும் நாங்கள் சிரித்துக்கொண்டுதானே இருந்தோம்? சுரங்கத்தை மூடினால் எங்கள் வாயையுமா மூடிவிட்டார்கள்?

ஒன்று கேட்க வேண்டும். என் வீட்டுச் சுவரில் தொங்கும் ரொட்டியையும் துணியை விலக்கி எடுத்திருக்கிறாய். என் பிள்ளை மைரம்பெக் ரஷ்யாவுக்கு வேலைக்குக் கிளம்பிய அன்று ஒரு வாய் கடித்துவிட்டு, மீதியை வந்து தின்கிறேன் என்று என் கையில் கொடுத்த ரொட்டி. அது தொங்கும்வரை அவன் வந்துவிடுவான் என்றுதான் மூன்று வருடமாக உயிரோடு இருக்கிறேன். அவனுக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். படத்தில் கடித்த இடத்திலோ பல்வரிசை முழுதாக இருக்கிறது. இறக்கி அவிழ்த்துப் பார்த்தேன். அதிலும் அப்படித்தான். என் கண்தான் கெட்டுவிட்டது என்று எழுது.

உன் ஜூரா


பிஷ்கெக்
அக்டோபர் 23, 2006

அன்பு ஜூரா,

உன் கண் நன்றாகத்தான் இருக்கிறது. கோபப்படாமல் படி. நீ கரி பொறுக்கப் போயிருந்தபோது ஜன்னல் வெளிச்சம் அருமையாக விழுந்தது. துணியை அவிழ்த்தால் பழைய ரொட்டி பூசணம் பூத்து, தூள்தூளாக உதிர்ந்தது. படத்துக்கு ஆகாது. உன் அடுப்படியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து, நானே கடித்து மாட்டினேன். பழையதைக் கோழிகளுக்குப் போட்டேன். ரொட்டியைக் குப்பையில் போடக் கூடாது என்பது எனக்கு மறக்கவில்லை, பார்த்தாயா?

இங்கே என் கண்காட்சியில் அந்தப் படம்தான் நடுச்சுவரில் இருக்கிறது. அதன் முன்னால் நின்று கண் கலங்காதவர்கள் இல்லை. வசந்தத்தில் ஜெர்மனிக்கும் போகிறது. ரொட்டி வெறும் மாவுதானே, ஜூரா. நீ காத்திருப்பது நிஜம், அதை எந்தக் கோழியும் தின்றுவிடவில்லை. மைரம்பெக்கிடம் சொல்லாதே, அவனுக்குத் தெரியவா போகிறது?

உன் மேரிம்


கரா-கென்
நவம்பர் 30, 2006

மேரிம்,

உன் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. கோழிகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அறுத்துத் தின்ன மனம் வரவில்லை.

நேற்று தபால் நிலையத்துக்கு மைரம்பெக்கின் போன் வந்தது, எட்டு மாதத்துக்குப் பிறகு. என் பிள்ளையைப் பொய் சொல்லி வரவழைக்க மாட்டேன், அதனால் உள்ளதைச் சொன்னேன். திட்டுவான், உடனே கிளம்பி வந்து இன்னொரு ரொட்டியைக் கடிப்பான் என்று நினைத்தேன். அவனோ சுமையை இறக்கி வைத்தவன்போல மூச்சு விட்டான்.

"நல்லதாப் போச்சும்மா. அது தொங்குதேன்னுதான் இத்தனை நாளா உன்கிட்ட சொல்ல வாய் வரல. இங்க எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. பொண்ணு பொறந்திருக்கா. இனிமே நான் அங்க வரலம்மா."

நான் அழுதேன். அவன் அழவில்லை. பேத்தியின் பெயரைக் கேட்பதற்குள் லைன் போய்விட்டது. அதற்கு முன்னால் உன்னைப் பற்றித்தான் ஒரு வார்த்தை சொன்னான்.

"மேரிம் சித்திக்கு நான் நன்றி சொன்னேன்னு எழுதிடு."

எழுதிவிட்டேன். இனி நீ எனக்கு எழுத வேண்டாம்.

ஜூரா